கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு

மலேசியாவின் கோலா கங்சார் ஊருக்கு முன்னால், ரப்பர் மரங்கள் முடிந்து பழக்கடைகள் தொடங்கும் இடத்தில் பேருந்து நிற்கிறது. இறங்கியவர்கள் மங்குஸ்தீன் குவியலைப் பார்க்கிறார்கள். நான் கடைக்காரப் பெண்ணின் கட்டைவிரலைப் பார்க்கிறேன். நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு. என் அண்ணனின் புற்றுநோய் இப்படி ஒரு கோட்டில்தான் தொடங்கியது. வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அன்றிலிருந்து யார் கை நீட்டினாலும் எனக்கு முதலில் தெரிவது நகம்தான்.

கேட்காமல் பேருந்தில் ஏற முடியவில்லை.

“அக்கா, இந்தக் கறுப்பு எத்தனை நாளா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

அவர் விரலைத் திருப்பிப் பார்க்கிறார். “இதுவா? பழத்தோல் கறை லா தம்பி. சீசன் முழுக்க இந்த விரலாலதானே உடைக்கிறேன்.”

என் முகம் தெளியாததைக் கண்டு, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நகத்துக்கடியில் சுரண்டுகிறார். கோடு தூளாக உதிர்கிறது. நகம் வெளுப்பாகத் தெரிகிறது.

“இப்ப நிம்மதியா? பழம் வேணுமா, வேணாமா?”

வேண்டும் என்கிறேன். ஒன்றை உடைத்து நீட்டுகிறார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள். வந்து நின்றதிலிருந்து இப்போதுதான் பழத்தைப் பார்க்கிறேன்.