பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயர் பிரேக் வாத்தியார். படிக்க வருகிறவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, பக்கத்து சீட்டில் தனக்கென்று இருந்த பிரேக்கை இருபத்தாறு வருஷம் மிதித்து மிதித்து அவருடைய வலது கால் யார் சொல்லையும் கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் மிதிக்கும். வாய் அதற்கு மேல். "கண்ணாடியப் பாருடி, கண்ணாடியப் பாரு!" என்று அவர் கத்திய கத்தலில், கார் ஓட்டப் பழகிய அவர் மனைவி மூன்றாம் நாளே சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த வாய்தான் கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் அடைத்துப்போனது. முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் விட்டுப்போன ஈரல் ஒழுங்காக வேலை செய்தது. கஞ்சி கொடுத்தால் விழுங்கினார். பேச்சு மட்டும் ஒரு சொல் இல்லை.

"பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு மனசு சோர்ந்து போயிடும்மா. தானா சரியாயிடும்," என்றார் வார்டு டாக்டரம்மா.

"மனசு சரியில்லன்னா இன்னும் ரெண்டு மடங்கு கத்துவாருங்க. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்!" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டுப் போனார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அதே எரிச்சலோடு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவில் தள்ளினாள். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. மூலைத் திருப்பத்தில் சுவரில் இடிக்கப் போன நேரம், அவருடைய வலது கால் கால் வைக்கும் தகட்டை ஓங்கி மிதித்தது. அவள் ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். உதடு எதற்கோ முட்டி மோதியது, சொல் வரவில்லை. கண் நிறைந்திருந்தது. மனுஷன் உள்ளேதான் இருந்தார்.

டாக்டரம்மாவைக் கையோடு இழுத்து வந்தாள். மறுபடி தள்ளிக் காட்டினாள். கால் மறுபடி மிதித்தது.

இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை. குனிந்து, "பேசணும்னு நினைக்கிறீங்களா? ஆமான்னா ஒரு தடவை மிதிங்க," என்றார். மிதித்தார்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டரும் வந்து பார்த்தார்.

"நான் அவசரப்பட்டுட்டேம்மா," என்றார் டாக்டரம்மா. "புது ஈரல உடம்பு தள்ளிடாம இருக்கக் கொடுக்கற மாத்திரை, எப்பவாவது யாருக்காவது இப்படிப் பேச்சக் கட்டிப்போட்டுடும். வேற மாத்திரைக்கு மாத்தலாம். ஆனா ஈரல் ஒத்துக்கணும். பேச்சு திரும்பும்னும் உறுதி சொல்ல முடியாது."

மனைவி அவரைப் பார்த்தாள். கால் ஒரு தடவை மிதித்தது.

மாத்திரையை மாற்றிய பிறகு தினமும் இரத்தப் பரிசோதனை, தினமும் வராந்தா. ஈரல் தாக்குப்பிடித்தது. வாய் திறக்கவில்லை. இனி அவர் திட்டவே மாட்டாரோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள், அதே திருப்பத்தில், கரகரவென்று ஒரு குரல்: "கண்… ணாடிய… பாருடி."

"வீல்சேர்ல ஏதுங்க கண்ணாடி!" என்றவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை வராந்தாவின் அந்தக் கோடிவரை பின்னால் இழுத்துப்போய், அதே திருப்பத்தை நோக்கி முன்னைவிட வேகமாகத் தள்ளினாள்.