துண்டுக்குள் கை கொடுத்த அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைக் கும்பிட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய நான் எழுதுவது இது. புகழ்ந்து பேச நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில் பிறந்தவர். மழை ஏமாற்றிய வருடங்களில் மாட்டு வியாபாரத்தில் இறங்கினார். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். அந்தத் தொழிலிலும் நாணயக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனால் யாரையும் லேசில் நம்பமாட்டார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

அம்மா போனபின் அவரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். எண்பது வயதை நெருங்கும்போது மறதி தொடங்கியது. வயசானால் அப்படித்தான் என்றார் டாக்டர். பிறகு என்னையே மறந்தார். வேட்டியைத் திருட வந்தவள் என்றார்; சோற்றில் நான் மருந்து வைத்துவிட்டேன் என்று சாப்பிட மறுத்தார். கிட்டே போனால் கையை இறுக மூடிக்கொள்வார். உடம்பு உருகியது. பெற்ற மகளை ஒரு வாய் சோற்றுக்குக்கூட நம்பாமல் போய்விடுவாரோ என்று அடுப்படியில் நின்று அழுவேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சமயநல்லூரிலிருந்து ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிவந்தார். நினைவு தப்பியவருக்கு யோகாவா? சம்பளமும் வேண்டாம் என்றாரே, எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. ஊரில் கிடக்கும் புஞ்சை மேல் கண்ணோ? அவர் போனதும் அப்பாவின் கட்டைவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்பாவும் லேசுப்பட்டவரா! “கண்ண மூடச் சொல்றவன் களவாணிப் பய” என்றுவிட்டார். மாஸ்டர் அதை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைத் திறந்தபடியே மூச்சை இழுத்துவிடப் பழக்கினார்.

ஒருநாள் காபி கொண்டுபோனேன். இருவர் கைகளும் ஒரே துண்டுக்கு அடியில் இருந்தன. கைநாட்டு வாங்குகிறார் என்றே நினைத்து, துண்டை வெடுக்கென்று உருவினேன். மையும் இல்லை, பத்திரமும் இல்லை. மாஸ்டரின் உள்ளங்கையில் அப்பாவின் விரல்கள் விரிந்து கிடந்தன.

“தொட்டாலே உதறுவாருக்கா. இன்னைக்கு அவராத்தான் துண்டப் போட்டு கையக் குடுத்தாரு. வெரல மடக்கி நீட்டுறப்ப மூச்சையும் சேத்துக்கிட்டேன். நீங்களும் பிடிச்சுப் பாருங்க” என்றார்.

அந்தத் துண்டுக்குள் பெண்பிள்ளை கை போகிற வழக்கமே கிடையாது. ஆனாலும் நீட்டினேன். அப்பா உதறவில்லை. விரலை மடக்கி நீட்டி மூச்சுவிட்டபின் கை தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஊட்டினால் வாங்கிக்கொண்டார். மறதி குணமாகவில்லை. யோகாவை இன்றும் நான் பாதிதான் நம்புகிறேன்.

என் முறைப்பைப் பொறுத்துக்கொண்ட மாஸ்டருக்கும், அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய என் தம்பிக்கும், பஸ் பிடித்து வந்து பார்த்த சொந்தங்களுக்கும் நன்றி.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், துண்டுக்குள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார் அப்பா. மாடு என்ன விலை என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“ஒனக்குப் போயி வெல என்னாத்தா? சும்மா ஓட்டிட்டுப் போ” என்றார்.

ஆத்தா என்று அவர் எல்லாப் பெண்களையும்தான் கூப்பிடுவார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அப்பா அந்நியர் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை.