ஜட்ஜோட அப்பா

அழைத்தார்கள் என்று நம்பி ஏவிஸ் படன் ஒரு வீட்டுக்குப் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஐந்து மாதம். கணவன் கிளிஃபர்ட் மரவாடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வெளியே வரும்போது முதலாளி மனைவி மிஸஸ் லாக் கையுறையை மாட்டிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை அவசியம் வீட்டுக்கு வரணும்" என்றாள். ஏவிஸ் அடுத்த ஞாயிறே கேக் செய்தாள். கிளிஃபர்டையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

மிஸஸ் லாக் தலையில் ஈரத்துண்டோடு கதவைத் திறந்தாள். முதலில் கேக்கைப் பார்த்தாள், பிறகு அவர்களைப் பார்த்தாள். உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தாள். அது விருந்தாளிக்கான கோப்பையில் இல்லை, சமையலறைக் கோப்பையில் வந்தது. இருபது நிமிடம் கழித்து எழுந்துகொண்டார்கள். காரில் கிளிஃபர்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த சண்டைகளில் பேசினான்.

"யாராவது வாய் வார்த்தைக்கு வான்னா போதும், கேக்கைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவியே நீ."

முப்பத்து நான்கு வருடம் இதைச் சொன்னான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் பால் குடிக்கும் வயதிலேயே தெரிந்துகொள்வதை ஏவிஸ் அப்படித்தான் கற்றாள். வா என்றால் அவசியம் வரேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். சொன்னவர் மனமும் நிறையும், வீடும் கலையாது. அதன் பிறகு அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். ஒரே மகள் லினெட்டை வளர்த்து வடக்கே அனுப்பினாள். கிளிஃபர்டுக்கு மாரடைப்பு வந்தது. அடக்கத்தில் அழ வேண்டிய அளவுக்கு அழுதாள். அடுத்த இளவேனிலில் ஒரு நாய் வாங்கினாள். நாய் உள்ள வீட்டில் டீயில் மயிர் மிதக்கும் என்பது கிளிஃபர்டின் கட்சி. அது உண்மைதான், மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள்.

நாய் சிறிய, முரட்டு மயிர் டெரியர். பெயர் ட்விக். அதற்காகத்தான் அவள் காலை ஏழேகாலுக்குக் காட்டு ஓரத்து ஹாலிகேட் கார் நிறுத்துமிடத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

முதலில் ஓக் மரங்கள். யாரோ எப்போதோ ஆள் உயரத்தில் வெட்டி, பிறகு மறந்துவிட்ட மரங்கள். வெட்டின இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் தனித்தனி மரம்போலத் தடித்து நிற்கும். விழுந்ததை யாரும் எடுப்பதில்லை, கிடந்த இடத்திலேயே மக்கும். அரை மைல் போனால் காடு சட்டென்று விட்டுப்போகும். அதற்கப்பால் ஹெதர் என்கிற குட்டைப் புதர் மண்டிய வெளி. ஆகஸ்டில் பத்து நாள் ஊதா, மற்ற நாளெல்லாம் பழைய கம்பளியின் நிறம். நடுவில் சதுப்பு. காட்டில் இஷ்டத்துக்குத் திரியும் குதிரைகள் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். மார்ச்சிலிருந்து ஜூலை முடியும்வரை அந்த வெளியில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. பக்கிக் குருவியும் வானம்பாடியும் தரையில் முட்டையிட்டிருக்கும்.

இரண்டு பாதை சேரும் இடத்தில் ஒரு பிளந்த பீச் மரம் இருந்தது. நாய் வாங்கின முதல் மாதமே அந்த மரத்தடியில் சின்ன வயதிலேயே பெரியமனுஷ நடை நடக்கிற ஒரு கறுப்பு லாப்ரடாரையும் உயரமான ஒரு மனிதரையும் பார்த்தாள். நாய்கள் முகர்ந்துகொண்டன.

"பேரென்ன இவனுக்கு?" என்று அவர் கேட்டார்.

"இவ. ட்விக்."

"மன்னிக்கணும் மேடம்" என்று அவர் ட்விக்கிடம் சொன்னார். "இவன் ஜட்ஜ்."

அவ்வளவுதான் அறிமுகம். காட்டில் நாயின் பெயரைத்தான் கேட்பார்கள். ஆளின் பெயரைக் கேட்பதென்றால் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஒரு மாதம் போனால் கூச்சம். ஒரு வருடம் போனால், இத்தனை நாள் தெரியாமலா பேசிக்கொண்டிருந்தாய் என்றாகிவிடும். எட்டு வருடம் ஆனது. அவருக்கு இவள் ட்விக்கோட அம்மா. இவளுக்கு அவர் ஜட்ஜோட அப்பா.

எட்டு வருடத்தில் அவரைப்பற்றி அவளுக்குத் தெரிந்தவை: தனி ஆள். சாலைப் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். இடது முழங்கால் மழைக்கு முன்னால் சொல்லிவிடும். நாய்க் கழிவைப் பையில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்பார். பேச்செல்லாம் நாய்கள் வழியாகத்தான்.

"ஜட்ஜ், உங்கப்பா சவரம் பண்ணி நாலு நாளாச்சு போலிருக்கே. வீட்டுல கண்ணாடி ஒடஞ்சுபோச்சா?"

"ட்விக், உங்கம்மாகிட்ட சொல்லு, குளிருக்கு அடக்கமா இருக்குன்னு விட்டிருக்கேன். அவங்க தொப்பியைப் பத்தி நான் எதுவும் சொன்னேனா?"

"தொப்பிக்கு என்ன வந்துச்சு?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே. டீ ஜாடி மேல கவுத்து வெச்சா நல்லா சூடு நிக்கும், அவ்வளவுதான்."

அந்தத் தொப்பியை ஏவிஸ் மாற்றவே இல்லை. வாரக் கடைசியில் லினெட் போனில், "அம்மா, அங்க பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், "நாய்க்காரங்க இருக்காங்க" என்பாள்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. காடு முடிந்து ஹெதர் வெளியில் காலடி வைக்குமுன் இருவரும் குனிந்து நாய்களுக்குக் கயிறு மாட்டினார்கள். அவர் நிமிர்ந்தவர் நடக்காமல் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாள் டீக்கு வாங்களேன். வியாழக்கிழமை. நாலு மணிக்கு. பாலம் தாண்டி மூணாவது வீடு. வாசல்ல ஒரு பழைய பால் கேன் இருக்கும்."

இதை அவர் நாயிடம் சொல்லவில்லை. ஏவிஸ் அதைக் கவனித்தாள். கவனித்தும், வாய் தன் பாட்டுக்குப் பழகினதைச் சொன்னது.

"அடடா, எவ்வளவு நல்லா இருக்கும். அவசியம் வரேன்."

செவ்வாயும் புதனும் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நினைவூட்டாததால் அது வாய் வார்த்தைதான் என்று அவள் ஒரு பக்கம் எடுத்துவைத்தாள். கிழமையும் மணியும் அடையாளமும் சொன்னாரே என்பதை இன்னொரு பக்கம் எடுத்துவைத்தாள். வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. ஜட்ஜ் வரவில்லை, ட்விக்கும் பாதி வழியில் திரும்பிவிட்டது. மூன்று மணிக்கு ஏவிஸ் நீலச் சட்டையை மாட்டினாள். மூன்றரைக்குக் கார் சாவியைக் கையில் எடுத்தாள். வெறுங்கையோடு போக முடியாது, எதையாவது கொண்டுபோக வேண்டும் என்று அலமாரியைத் திறந்தாள். உள்ளே கேக் டப்பா இருந்தது. ஈரத்துண்டுத் தலை ஞாபகம் வந்தது. கிளிஃபர்டின் குரல் வந்தது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நான்கு மணிக்குத் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பீச் மரத்தடியில் யாரும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் முழுக்க வராதபோது படுக்கையில் கிடக்கிறாரோ என்று பயந்தாள். மூன்றாவது வாரம் காரைப் பாலத்தின் பக்கம் மெதுவாக ஓட்டினாள். மூன்றாவது வீட்டு வாசலில் பால் கேன் இருந்தது. கார் நின்றது. திரைச்சீலை திறந்திருந்தது. சமையலறை ஜன்னலில் புத்தம் புதிய சோப்பு பாட்டில். உயிரோடுதான் இருக்கிறார். கதவைத் தட்டக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கிரேஹவுண்ட் நாய்களைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். கோமெட், டான்சர் என்ற அந்த இரண்டு நாய்களின் அம்மா.

"ஏங்க, ஜட்ஜோட அப்பாவைப் பாத்தீங்களா? மூணு வாரமா காணோம்."

"அவரா? குத்துக்கல்லாட்டம் இருக்காரு. இப்பல்லாம் ப்ளாக்டவுன் பக்கம் நடக்கிறாரு."

"அங்கயா? லாரிச் சத்தம் காதைக் கிழிக்குமே. மரம்னு ஒண்ணு கிடையாது."

"அதான் நானும் கேட்டேன். ஒரு மாறுதலுக்குன்னாரு. நான் விடுவேனா, வாயைக் கிண்டினேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். சுற்றுமுற்றும் குதிரை ஒன்றைத் தவிர யாரும் இல்லை. "யாரோ ஒரு பொம்பளையை டீக்குக் கூப்பிட்டிருக்காரு. சால்மன் சாண்ட்விச், எலுமிச்சை கேக்கு. நல்ல கோப்பை ஒண்ணுதான் இருக்குன்னு டவுனுக்குப் போயி ஜோடியா வாங்கிட்டு வந்திருக்காரு. ஆறரை வரைக்கும் உக்காந்திருக்காரு மனுஷன். அந்த மகராசி எட்டியே பாக்கல."

"பாவம்" என்றாள் ஏவிஸ்.

"எல்லாத்தையும் ஜட்ஜ் தின்னுட்டு நடையில வாந்தி எடுத்திருக்கு. நல்ல தீர்ப்புதான் போங்க."

"யாருன்னு சொன்னாரா?"

"கேட்டேனே. தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல." கிரேஹவுண்டுகள் இழுத்தன. "யாரா இருந்தாலும் நெஞ்சழுத்தக்காரி. வரமாட்டேன்னா வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

அன்று காலை ஏவிஸ் காட்டுக்குள் போகவில்லை. ட்விக்கை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு ப்ளாக்டவுனுக்கு ஓட்டினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். மகள் திடீரென்று வந்துவிட்டாள் என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். எட்டு வருடம் பழகினவரிடம் பொய் வேண்டாம், உள்ளதைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று முடிவு செய்தாள்.

நெடுஞ்சாலையை ஒட்டின மொட்டை மேடு அது. மஞ்சளாகப் பூத்த முள்புதர், சரளைக்கல், அதற்கப்பால் லாரிகள். அவர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். ஜட்ஜ் இவளை முகர்ந்து பிடித்து, வயதாகி வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு ஓட முயன்றது. ட்விக் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஒரு நொடியில் இரண்டு கயிறும் இரண்டு நாயும் நான்கு ரப்பர் பூட்ஸும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டன.

"காலை வணக்கம்" என்றார் அவர்.

"வணக்கம். முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. இங்க சமதளம். ஜட்ஜுக்கு நல்லது."

அவிழ்த்துவிடவும் வழியில்லை, புதருக்குள் முட்டை இருக்கும். இருவரும் குனிந்து, தலை தலையோடு இடிக்காமல், சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

"வியாழக்கிழமை" என்றாள் ஏவிஸ். "நான் வராதது."

"அதுக்கென்ன. மறந்திருப்பீங்க."

"மறக்கல. நீங்க சும்மா சொன்னீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் சொல்ற மாதிரி."

அவர் கை நின்றது. கயிறு அவர் விரலில் சுற்றியிருந்தது.

"கிழமை சொன்னேனே."

"ஆமா."

"மணி சொன்னேன். பால் கேன்னு அடையாளங்கூடச் சொன்னேன்."

"ஆமா. சொன்னீங்க."

"மறந்துட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா பரவாயில்ல" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. பாலத்தில் விரிசல் எங்கே என்று பார்த்துச் சொல்வதுபோல இருந்தது. "மூணு வாரமா அப்படித்தான் சொல்லி என்னைத் தேத்திக்கிட்டிருந்தேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம் உங்ககிட்ட நான் ஒப்புக்குச் சொல்லுவேன்னு நெனச்சிருக்கீங்க."

மிஸஸ் லாக்கைப்பற்றிச் சொல்ல ஏவிஸ் வாயெடுத்தாள். நாற்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஈரத்துண்டையும் கேக்கையும் இந்த மேட்டில், லாரிச் சத்தத்தில், எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. வேறு ஏதோ வந்தது.

"உங்க பேருகூட எனக்குத் தெரியாது."

"ஜட்ஜோட அப்பான்னே இருக்கட்டும்" என்றார். கயிறு பிரிந்துவிட்டது. தன் நாயின் கயிற்றை உருவிக்கொண்டார். ட்விக்கின் தலையை ஒரு தரம் தடவினார். "நல்ல நாளா அமையட்டும்." தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். ஜட்ஜ் மூன்று முறை திரும்பிப் பார்த்து, மூன்று முறையும் இழுத்துப் போகப்பட்டது.

அன்று மாலை முழுவதும் ஏவிஸ் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல காட்டை விட்டுவிட்டு அவர் லாரிப் புகையில் நடப்பது தன்னால். தான் ஏழேகாலுக்கு அங்கே நிற்காவிட்டால் அவர் தன் மரங்களுக்குத் திரும்புவார். கடிதம் எழுதிப் பால் கேன் வீட்டில் போடலாம் என்றும் தோன்றியது. உறை மேல் என்ன பெயர் எழுதுவது? அடுத்த நாளிலிருந்து பத்து மணிக்குப் போனாள். பத்து மணிக்கு நகரத்துக்காரர்களின் கார்கள் வரும். குழந்தைகள் குதிரைக்கு பிஸ்கட் நீட்டும், குதிரை கடிக்கும், தாய்மார் கத்துவார்கள். பைகள் மரக்கிளையில் தொங்கும். அவர் ஏழேகாலுக்கு வந்துபோகிறாரா என்று அவள் யாரையும் விசாரிக்கவில்லை. பீச் மரத்தடி ஈரத்தில் பெரிய நாயின் கால்தடம் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லா நாயின் தடமும் இருந்தது.

ஜூலைக் கடைசியில் கிரேஹவுண்டுகளின் அம்மா பத்து மணிக்கு எதிரே வந்தாள்.

"நீங்க எங்க போயிட்டீங்க? காலையில ஆளே காணோம்."

"நேரத்தை மாத்திக்கிட்டேன். ஜட்ஜோட அப்பா வருவாரே காலையில?"

"எங்க வர்றாரு! ப்ளாக்டவுனைவிட்டு அசையமாட்டேங்கறாரு. ஏழேகாலுக்குக் காடே காலி. ஒரு மனுஷ நடமாட்டம் கிடையாது. எங்க பசங்களுக்குத்தான் கொண்டாட்டம், என் பாட்டுக்கு வந்துட்டுப் போறேன். இன்னிக்குத்தான் பல் வைத்தியர்கிட்ட போயிட்டு லேட்டாச்சு."

"நல்லதாப் போச்சு" என்றாள் ஏவிஸ்.

பிறகு ட்விக்கின் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, பிஸ்கட் நீட்டும் ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.