தேசப்பன் படத்தில் இல்லாத இரும்பு வலை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு இரும்புக் கம்பெனிக்குள் நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அப்புறம் தேசப்பனைப் பற்றிப் பேசலாம். கொட்டகைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. திறந்த வாசலில் வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே நிற்பவன் முகம் தெரிய எடுத்தால் வாசல் வெள்ளையாக வெந்துபோகும். வாசலுக்குத் தகுந்தபடி எடுத்தால் உள்ளே இருப்பவன் எல்லாம் கரி. பட்டணத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்த பெரிய போட்டோகாரர்கள்கூட இங்கே மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

தேசப்பனுக்கு நாற்பத்தாறு வயது. ஆறு வருஷம் இதே பேட்டையில் காண்டிராக்ட் கூலியாகக் கம்பி இழுத்தவர். பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஸ்டுடியோ போட்டார். அந்தக் கேமராவில் எச்.டி.ஆர். என்று ஒரு வசதி இருந்தது. தொழில்காரர்கள் பலர் அதைப் பொம்மை வேலை என்று ஒதுக்குவார்கள். இவர் ஒதுக்கவில்லை. ஒரு தடவை அமுக்கினால் கேமரா டக் டக் டக்கென்று மூன்று படம் எடுக்கும். ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. இருட்டுப் படத்திலிருந்து வாசலையும் வெளிச்சப் படத்திலிருந்து மூலையில் நிற்பவன் முகத்தையும் எடுத்து, தானே சேர்த்து ஒரே படமாகக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாரடிக்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே மேனேஜருக்குக் காட்டிவிட்டு அடுத்த ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அதற்காக எல்லா இடத்திலும் அதைப் போட முடியுமா? ஆரம்பத்தில் ஆசைப்பட்டு ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் போட்டுத் தொலைத்தார். ஆரத்தி சுற்றிய அத்தைக்கு மூன்று கை வந்துவிட்டது. "எங்கக்கா இன்னா மாரியாத்தாளாய்யா?" என்று வீட்டுக்காரர் ஸ்டுடியோ வாசலுக்கே சண்டைக்கு வந்தார். அசைகிறது கலங்கிப்போகும், அசையாதது அப்படியே விழும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். அதிலிருந்து விசேஷ வீடுகளில் அந்தப் பக்கமே போவதில்லை. கம்பெனிக் கொட்டகைக்கு மட்டும் அதுதான். சுவரும் தூணும் மெஷினும் எழுந்து ஆரத்தியா சுற்றப் போகின்றன?

இந்தச் சூட்சுமம் எல்லாவற்றையும் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தது விமலுக்கு. விமல், கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு சூப்பர்வைசர். அண்ணே அண்ணே என்று பத்து வருஷமாக வீட்டில் வந்து போய்க்கொண்டிருந்தவன். பேட்டையில் நாலு கம்பெனி வேலை பிடித்துக்கொடுத்தது அவன். தேசப்பனின் மனைவி கிரேஸின் தம்பி ஸ்டீபனை, அதாவது அவர் மச்சானை, தன் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவன். ஒருநாள் கேமராவை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, சேத்த படம் போதாதுன்னு தனித்தனி மூணையும் வேற வச்சிக்கினு கீறே? மெமரி ரொம்பிடும்ணே. எங்களுக்கு வாட்சப்ல அனுப்ப ஒண்ணு போதும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. தனிப்படங்கள் தங்காதபடி தேசப்பன் மாற்றி வைத்தார். அன்றிலிருந்து சேர்த்த படம் ஒன்று மட்டும்தான் மிஞ்சும்.

மார்ச் மாதம் விமலின் கம்பெனியில் பாதுகாப்பு வாரம். பேனர் கட்டி, உறுதிமொழி எடுத்து, மிட்டாய் கொடுத்தார்கள். தேசப்பன் காலை பத்தரைக்குக் கம்பி உருட்டும் உருளை வரிசையை வாசலோடு சேர்த்து ஒரு படம் எடுத்தார். பதினொன்றே காலுக்கு அதே உருளைக்குள் ஸ்டீபனின் வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

உருளைக்கு முன்னால் ஓர் இரும்பு வலை இருக்க வேண்டும். நாலு போல்ட் போட்டு முடுக்கிய வலை. அது உடைந்து எட்டு நாளாகியிருந்தது, வெல்டிங்குக்குப் போனது திரும்பி வரவில்லை, வலை இல்லாமலே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி என்ன எழுதியது தெரியுமா? வலை இருந்தது, ஸ்டீபன்தான் வேலை சீக்கிரம் முடிய அதைக் கழற்றினான், விபத்துக்கு அவனே பொறுப்பு. கையும் போய், பழியும் வந்து, வேலையும் போகிற நிலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் கையில் அந்தக் குற்றச்சாட்டுக் காகிதத்தைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். இடது கையால் கிறுக்கினான்.

தேசப்பனின் படத்தில் வலை இல்லை. வலை இருக்க வேண்டிய இடத்தில் நாலு போல்ட் ஓட்டைகள் வெறுமனே தெரிந்தன. சாதாரணமாக எடுத்திருந்தால் அந்த மூலை முழுக்க இருட்டு, ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. எச்.டி.ஆர். போட்டதால் ஓட்டை தெரிந்தது, ஓட்டையைச் சுற்றிய துரு தெரிந்தது, ஓரத்தில் இரண்டு கையோடும் நிற்கிற ஸ்டீபன் தெரிந்தான். படம் எடுத்த நேரமும் அதிலேயே பதிந்திருந்தது. முதலில் விமலிடம்தான் காட்டினார். அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தேம்பித் தேம்பி அழுதான். "பத்திரமா வச்சிக்கோண்ணே. நானே வந்து சாட்சி சொல்றேன். ஸ்டீபனு எனக்கும் தம்பிதான்" என்றான்.

படத்தைக் காட்டினால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, பேட்டையில் ஒருவரும் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தேசப்பனுக்குத் தெரியாதா? தெரியும். மகள் ஸ்நேகா காலேஜில் படிக்கிறாள், அவள் பீஸ் முழுக்கக் கம்பெனிப் படத்தில் வருவது. போனால் போகட்டும், மச்சான் மேல் விழுந்த பொய்ப்பழி போனால் போதும் என்று முடிவு செய்தார். கம்பெனி ஸ்டீபன் மேல் வைத்த விசாரணைக்கு முந்தைய நாலு நாளும் சாயங்காலமானால் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். படித்தவர்கள் முன்னால் வாய் குழறிவிடக்கூடாதே என்ற பயம். கிரேஸ் கீரை ஆய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, கம்பெனி மாடியறையில் விசாரணை. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட வக்கீல், குணசுந்தரி என்று பெயர். காசு கொடுப்பது கம்பெனி என்றாலும் யாருக்கும் வளையாத அம்மா என்று சொன்னார்கள். பெரிய ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலியில் ஸ்டீபன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், கம்பெனித் தரப்பில், விமல். அவனை அந்த இடத்தில் பார்த்ததுமே தேசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், இது போட்டோவே இல்ல" என்று எழுந்தான் விமல். "மூணு போட்டோவ ஒண்ணாச் சேத்தது. இவரே எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. சேக்கும்போது சிலது காணாமப் போயிடும்னும் சொல்லியிருக்காரு. வேணும்னா கேளுங்க."

பத்து வருஷத்து அண்ணன் ஒரு நிமிஷத்தில் 'இவரு' ஆகிவிட்டார், பார்த்தீர்களா?

"அப்படியா?" என்று கேட்டார் குணசுந்தரி.

"மூணு படம்தான்மா. ஆனா சேக்கறது நான் இல்ல, கேமரா. அசையறதுதான் கலங்கும். நாலு போல்டு போட்டு முடுக்கின வல எங்கம்மா அசையும்?"

"தனித்தனியா அந்த மூணு படம் எங்கே?"

"இல்லீங்கம்மா. மெமரி ரொம்பிடும்னு இவன்தான் வச்சிக்க வேணாம்னான்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றான் விமல்.

அடப்பாவி! தேசப்பன் நாலு நாளாக மனப்பாடம் பண்ணியதெல்லாம் பறந்துபோனது. ஆனால் கேமரா கையில் இருந்தது. "அம்மா, லைட்ட அமத்தச் சொல்லுங்க, ரெண்டு படம் எடுத்துக் காட்றேன்" என்றார். விளக்கை அணைத்தார்கள். ஜன்னலைப் பார்த்து, சாதாரணமாக ஒன்று எடுத்தார். வெளியே நின்ற லாரி பளிச்சென்று விழுந்தது. விமலும் ஸ்டீபனும் வெறும் கரி உருவம். அதே இடத்தில் நின்று எச்.டி.ஆர். போட்டு இன்னொன்று. லாரியின் நம்பரும் படிக்க வந்தது, விமல் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜும் படிக்க வந்தது. கேமராவை அப்படியே மேசை மேல் வைத்தார்.

"பாருங்கம்மா. இல்லாத ஒண்ண இது கொண்டாந்து வச்சிதா? இருக்கிற எதையாச்சும் முழுங்கிச்சா? இருட்டுல கீறத வெளியில காட்டுது, அவ்ளோதான் அது செய்யறது."

குணசுந்தரி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அறையில் இருந்த நாற்காலி, பீரோ, கடிகாரம் எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று எழுதச் சொன்னார். தேசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

"ஸ்டீபன், நீங்க சொல்லுங்க. அன்னிக்கு வலை இருந்ததா, இல்லையா?"

ஸ்டீபன் எழுந்து நின்றான். தரையைப் பார்த்தான்.

"இருந்துச்சு மேடம். நான்தான் கழட்டுனேன். மாமா எனக்கோசரம் படத்துல இல்லாம பண்ணிட்டாரு."

"டேய்!" என்றார் தேசப்பன். குணசுந்தரி அவரை ஒரு பார்வை பார்த்தார். அத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகம் அப்படியே மாறிப்போனது. பொய்ப்படம் கொண்டுவந்ததற்குப் போலீசுக்கே எழுதலாம், உறவுக்காகச் செய்தது என்பதால் விடுகிறேன் என்று சொல்லி, அவரை வெளியே போகச் சொன்னார். ஸ்டீபன் நிமிரவே இல்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கேமராவைத் திறந்து அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஸ்டீபனின் முகத்தைப் பெரிதாக்கினார். அப்படியே கீழே நகர்த்தினார். நாற்காலிக்கு அடியில், இருட்டில், ஒரு பை. பைக்குள்ளிருந்து காக்கிச் சட்டையின் தோள்பட்டை எட்டிப் பார்த்தது. கேட் வாட்ச்மேன்களுக்குக் கம்பெனி கொடுக்கிற சட்டை. பையின் மேல் தேசப்பனின் ஸ்டுடியோ பெயர். ஆல்பம் போட்டுக் கொடுக்க அச்சடித்த பை அது. போன வாரம்தான் வந்தது, இன்னும் ஒரு வாடிக்கையாளருக்கும் கொடுக்கவில்லை, கட்டு மொத்தமும் வீட்டு பீரோ மேல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு ரயிலைத் தவறவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிரேஸிடம் கேமராவை நீட்டினார். அவள் பார்த்தாள். மறைக்க முயலவில்லை.

"விமலுதான் கொண்டாந்து குடுத்தான். ஞாயித்துக்கெழம நீ பொன்னேரி கல்யாணத்துக்குப் பூட்டப்ப" என்றாள். "கேட்டுல பர்மெனண்டு வேல. வல இருந்துச்சுன்னு தம்பி ஒரு வார்த்த சொன்னா போதும்னான்."

"நீ சரின்ட்ட."

"நான் இன்னா பண்ணட்டும்? உன் படம் ஜெயிச்சா அவனுக்குக் கை மொளைக்கவா போவுது? கேசு கேசுன்னு வருசக்கணக்கா இழுத்தடிப்பானுங்க. ரெண்டு புள்ளைய வச்சிக்கினு ஒத்தக் கையோட அவன் எங்க போவான்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கிரேஸு. நான் போவாம இருந்திருப்பேன்ல? படத்த அழிச்சிருப்பேன்ல? நாலு நாளா இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு பைத்தியக்காரன் மாரி பேசிக்கினு இருந்தனே, கேட்டுகினுதான இருந்த?"

கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில்தான் அதைச் சொன்னாள்.

"நீ போவாம இருக்கக் கூடாதுன்னான் விமலு. நீ அழிச்சாலும் இன்னொன்னு எங்கியாவது இருக்கும்னு அவங்களுக்குப் பயம். நீ போவணும், படத்தக் காட்டணும், ஸ்டீபனே அது பொய்னு சொல்லணும், அப்பதான் நாளைக்கு அத யாரும் எங்கியும் எடுத்துகினு போவ முடியாதாம். அப்பதான் வேலன்னான்."

தேசப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். விமலை நம்பியது தன் முட்டாள்தனம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தவர். இப்போது திட்டுவதற்குக்கூட யாரும் இல்லாமல் போனார்கள். போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையைத் தடவினார். காலையில் மடிப்புக் கலையாமல் அவள் எடுத்துக் கொடுத்த சட்டை.

"இதுக்கு நீதான இஸ்திரி போட்ட?"

"ஆமா" என்றாள் கிரேஸ். "தம்பியோட காக்கிச் சட்டையில வலது கைய மடிச்சுத் தெச்சிட்டு, ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் போட்டேன்."