மையில்லாத கைநாட்டு

போன கிழமை முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நேரில் அல்ல – போனில்.

ஒரு வீடியோவுக்குக் கீழே நான் ஒரு கேள்வி எழுதியிருந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் கொமென்ட். ‘அலை’ என்று எழுதப் போய், சின்ன எழுத்துகளின் மேல் என் தடித்த விரல் பட்டு, ‘அழை’ என்று விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. அந்த மனிதர் கவனித்துவிட்டார்.

‘அழை இல்லை நண்பா, அலை. கடல் யாரையும் அழைக்காது’ என்று எழுதி, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றையும் வைத்திருந்தார்.

பிழை என் பிழைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். இந்தப் பத்தியை நீங்கள் பிழையில்லாமல் வாசிக்கிறீர்கள் என்றால், அதற்குப் பத்திரிகையில் திருத்தித் தருகிற ஒரு தங்கச்சி இருக்கிறார். போனுக்குள் நான் தனி ஆள்.

ஆனால், கடல் யாரையும் அழைக்காது என்று அவருக்கு யார் சொன்னது?

சரி... முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவில் ஓட்டோ ஓடுகிறவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன் என்பதும் தெரியும். ஸ்டாண்டில் மற்றவர்கள் அரசியல் கதைக்கும்போது நான் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு வீடியோ பார்ப்பேன். சினிமா அல்ல. எறும்பு, எரிமலை, நட்சத்திரம்... நாங்கள் கறி வைக்கிற கணவாய்க்கு மூன்று இதயம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்து என்ன பிரயோசனம் என்று என் மனைவி கேட்பார். கறியில் ஒரு மாற்றமும் இல்லையாம்.

இதையெல்லாம் சொல்லித் தருகிறவர் தமிழ்நாட்டில் எங்கோ இருக்கிற ஒரு விஞ்ஞான ஆசிரியர். நான் அவரை மாஸ்ரர் என்றுதான் மனதுக்குள் கூப்பிடுவேன். ஒரு கரும்பலகை, ஒரு சோக்கட்டி, நிதானமான குரல். அவ்வளவுதான் அவருடைய வீடியோ.

வீடியோவைவிட எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே வருகிற கொமென்ட்கள். ‘அருமை சார்.’ ‘எங்களுக்கு இப்படி யாரும் சொல்லித் தரவில்லை சார்.’ ‘மகளுக்குப் போட்டுக் காட்டினேன், இரண்டு முறை பார்த்தாள்.’ வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய வீட்டில் துப்புரவு வேலை செய்கிற ஒரு பெண், வேலை முடிந்து படுக்கும் முன் ஒரு பாடம் பார்ப்பதாக எழுதியிருந்தார். அவற்றை வாசிக்கும்போது பெரிய வகுப்பொன்றின் கடைசி வாங்கில் இருப்பதுபோல் இருக்கும். முன்னால் எல்லோரும் கை உயர்த்துகிறார்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. பெருவிரல் படத்தைத் தொட்டு லைக் போடுவேன். அதோடு சரி.

ஸ்டாண்டில் பக்கத்து ஓட்டோக்காரன் ரவி இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். “அண்ணை திரும்ப ஒரு கைநாட்டு வைக்கிறார், பாருங்கோடா.”

நானும் சிரிப்பேன். பிழையில்லாமல் எழுத வராதவன் வேறு எதை வைப்பது?

திரேசாக்கா என் காலை நேர வாடிக்கை. கரையில் மீன் வாங்கி, பெட்டியில் ஐஸ் போட்டு, என் ஓட்டோவில் பஸ் நிலையத்துக்கு வருவார். அங்கிருந்து பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய் விற்பார். அவரும் அதிகம் கதைக்கமாட்டார். எங்களுக்கு ஒத்துப்போனதே அதனால்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, அவருடைய பெட்டியைத் தூக்கி வைக்கிற அவசரத்தில் போனை நிறுத்த மறந்துவிட்டேன். ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. மாஸ்ரர் கரும்பலகையில் எழுதினார் – சுனாமி.

பதறிப்போய்க் கையை நீட்டினேன். எங்கள் கரையில் அந்தச் சொல்லை ஆள் பார்த்துத்தான் சொல்வோம். திரேசாக்காவின் ஒரே மகன் யூட் அந்த ஞாயிற்றுக்கிழமை கடலோடு போனவன். ஒன்பது வயது.

“நிப்பாட்டாதேங்கோ தம்பி,” என்றார். “அவர் சொல்லட்டும்.”

மாஸ்ரர் சொன்னார். பேரலை வருமுன் கடல் உள்வாங்கும். கரையில் மீன்கள் துடிக்கும். விஷயம் தெரியாதவர்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். தெரிந்தவர்கள் மேட்டுக்கு ஓடுவார்கள். இதை அறிந்து வைத்திருந்தால் உயிர் தப்பலாம்.

பஸ் நிலையம் வந்தும் அவர் இறங்கவில்லை.

“உது உண்மையோ தம்பி?”

“படிச்ச மனிசன் அக்கா. பொய் சொல்லாது.”

“நான் அண்டைக்குக் காலமை கரையிலை நிண்டனான். கடலைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான். பிறகு வரமாட்டனெண்டு நிண்ட பிள்ளையை விட்டிட்டு உலை வைக்க வந்தனான். குசினிக்குள்ளை தண்ணி வந்திட்டுது. கடல் உள்ளுக்குப் போனதை நான் காணேல்லையே.”

பேச்சை மாற்ற, போனின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினேன். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று.

“உதென்ன பெருவிரல்?”

“நல்லாயிருக்கெண்டு வைக்கிறது அக்கா. கைநாட்டு மாதிரி. நீங்களும் வேணுமெண்டால்...”

அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“நான் கைநாட்டு வைக்கிறேல்லை. பிள்ளையின்ரை உடம்பை ஆஸ்பத்திரியிலை பாரமெடுக்கேக்கை வைச்சனான். அந்த மை கழுவக் கழுவப் போகேல்லை. அதோடை சரி.”

அதற்குப் பிறகுதான் அவர் யாரையோ கேட்டுத் தன் பெயரை எழுதப் பழகினாராம். மூன்று எழுத்து. வேறு எழுத்துத் தெரியாது. நிவாரணத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அந்த மூன்றையும் வரைந்தே சமாளித்திருக்கிறார். இன்னொன்றையும் சொன்னார். பிள்ளையின் உடம்பு கிடைத்ததற்குக் கடவுளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறாராம். எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைக்கவில்லையே என்றார்.

எங்கள் பக்கத்தில் நன்றி சொல்கிற காரணங்கள் இப்படித்தான் இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், “அந்த மாஸ்ரரைப் போடுங்கோ தம்பி.” நான் வேறு எதையாவது போடுவேன். பறவை, நிலா... “உது இல்லை. மற்றது.” அவருக்கு எழுத்துத் தெரியாது என்று ஏமாற்ற முடியாது. குரல் தெரியும்.

ஒருநாள் கொமென்ட்களை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ‘பயனுள்ள வீடியோ.’ ‘நன்றி சார்.’ ‘இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை உயிர்கள்...’ வாய் நின்றது. ஆனால் பாதி வெளியே வந்துவிட்டது.

“ஓம்,” என்றார். “தெரிஞ்சிருந்தால்.”

எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். மாஸ்ரரும் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அறிவு பிந்தி வந்தால், வழக்குப் போட வந்ததுபோலத்தான் வாசலில் நிற்கும். இருபது வருடத்துக்கு மேலாகக் கடலை ஏசிக்கொண்டிருந்த மனிசி, இப்போது தன்னை ஏசத் தொடங்கிவிட்டார்.

மீன் வாங்கிய பிறகும் கரையிலேயே நின்றார். பஸ் போய்விடும். ஐஸ் கரையும். “நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனான் தம்பி?” இதுதான் பேச்சு. பிறகு சில நாட்கள் மீன் வாங்கவே இல்லை. வெறும் பெட்டியோடு ஓட்டோவில் ஏறி, வெறும் பெட்டியோடு இறங்கினார். முகம் வற்றிவிட்டது.

ரவி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். பகிடி விடுகிற ரவி அல்ல. “அண்ணை, உந்த வீடியோவை அழியுங்கோ. மனிசி செத்துப்போம்.”

வீடியோவை நான் எப்படி அழிப்பது? அது என்ன என் வீட்டுச் சுவரிலா எழுதியிருக்கிறது?

போன கிழமைதான் திரேசாக்கா அதைக் கேட்டார். “தம்பி, அந்த மாஸ்ரரிட்டை ஒண்டு கேக்கேலாதோ? கடல் எவ்வளவு நேரத்துக்கு முன்னம் உள்ளுக்குப் போகும் எண்டு. நான் நிக்கேக்கையே போகத் துடங்கியிருக்குமோ எண்டு.”

அவருக்கு அதுதான் தெரியவேண்டும். தான் கண் திறந்துகொண்டு பார்க்காமல் விட்டாரா, இல்லையா? பிள்ளையைக் கையில் பிடித்து ஓடியிருக்கலாமா, இல்லையா?

அத்தனை ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் நான் எழுதுவதா? ஸ்டாண்டில் இருந்து ஒரு மத்தியானம் முழுக்க எழுதினேன், அழித்தேன்.

“என்ன அண்ணை, லவ் லெட்டரோ? அண்ணிக்குச் சொல்லவோ?” என்றான் ரவி. திரையைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் தன் ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: ‘மாஸ்ரர், நான் முல்லைத்தீவு. இங்கே ஒரு தாய் அன்று காலை கரையில் நின்று கடலைப் பார்த்தவர். உள்வாங்கியதை அவர் காணவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது அழை வந்தது. மகன் கரையில் நின்றவன். கடல் எப்போது உள்வாங்கியது? அவர் கவனிக்காமல் விட்டாரா? தயவுசெய்து சொல்லவும்.’

முதலில் வந்த பதில்தான் அந்தச் சிரிப்பு.

போனை நிறுத்திவிட்டேன். கோபம் என்று சொல்லமாட்டேன்... வெட்கம். வகுப்பில் முதல்முறை கை உயர்த்தியவனைப் பார்த்து முன் வாங்கு சிரித்தால் எப்படி இருக்கும்? கடல் அழைக்காதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வயதுப் பிள்ளை தாயோடு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கரையில் நின்றானே – யார் அழைத்து நின்றான்?

அடுத்த நாள் பயந்து பயந்துதான் போனைத் திறந்தேன். சிரித்தவரைக் காணவில்லை. தன் சிரிப்பைத் தானே அழித்துவிட்டிருந்தார். என் கேள்வியை மாஸ்ரர் எல்லோருக்கும் மேலே தெரியும்படி வைத்திருந்தார். ‘அழை’யோடுதான். கீழே அவருடைய பதில்.

திரேசாக்கா வெறும் பெட்டியோடு ஏறினார். ஓட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு வாசித்தேன்.

‘வணக்கம் அண்ணா. பிழை அந்த அம்மாவிடம் இல்லை, என்னிடம். வீடியோவில் நான் பாதியைத்தான் சொன்னேன். அன்றைய நிலநடுக்கத்தில் கடலடி நிலம் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்தது. தாழ்ந்த பக்கத்துக் கரைகளில்தான் கடல் முதலில் உள்வாங்கியது. அது கிழக்கே. உங்கள் கரை அந்த இடத்துக்கு மேற்கே இருக்கிறது. உங்கள் பக்கம் அலையின் மேடுதான் முதலில் வந்தது. சில இடங்களில் அந்த முதல் தண்ணீர் வந்துபோன பிறகுதான் கடல் உள்வாங்கியிருக்கிறது. அந்த அம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் முன்கூட்டி ஒன்றும் தெரிந்திருக்காது. அவரிடம் சொல்லுங்கள். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.’

“திரும்ப வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“அப்ப... உள்ளுக்குப் போகேல்லை.”

“இல்லை அக்கா. போகேல்லை.”

“நான் பார்த்தது சரிதான்.”

“ஓம் அக்கா. சரியாத்தான் பார்த்திருக்கிறியள்.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெறும் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

“அப்ப இனி நான் ஆரை ஏசுறது தம்பி?”

இதை நான் மாஸ்ரரிடம் கேட்கப்போவதில்லை.

அறிவு வந்தால் ஆறுதல் வரும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. சில நேரம் அது ஒரு சுமையை இறக்கிவிட்டு, இறக்கிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இருந்தாலும் இறக்கிவிடுகிறதே... அதற்கு ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா?

“மாஸ்ரருக்கு என்ன எழுத, அக்கா?” என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார். அந்தப் பதிலுக்குக் கீழேயும் ஒரு சின்னப் பெருவிரல் உண்டு. அதை நான் காட்டவில்லை. அவரே கண்டுபிடித்தார். தன் பெருவிரலை அதன்மேல் வைத்து, அழுத்தி, இடமிருந்து வலமாக ஒருமுறை மெல்ல உருட்டி எடுத்தார் – தாளில் வைப்பது போலவே.

போனைத் திருப்பித் தந்துவிட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பஸ் நிலையம் வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தார்.

போன் கண்ணாடியில் மை இல்லை என்று நான் சொல்லவில்லை.