அப்பாவின் மார்பில் போட்ட கோடுகள்

என் அப்பா தங்கச் சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கி வேலை பார்த்தவர். இப்போதும் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் இருக்கிறோம். அவருடைய இதயம் அடிக்கடி தாறுமாறாகத் துடிக்கும். மார்புக்குள் வைத்த கருவி ஷாக் கொடுத்துதான் அதை அடக்கும். தப்பாகத் துடிக்கும் இடத்தை ஸ்கேனில் கண்டுபிடித்து, அங்கே மட்டும் ஒரே தடவை கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார் பெங்களூரு டாக்டர்.

எங்கள் லைனில் கதிர்வீச்சு என்றாலே கேன்சர்தான். அப்பா மிரண்டுவிடுவார் என்று நானே முடிவு செய்து, "சும்மா ஸ்கேன்தாம்பா" என்று சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர்கள் கதிர் பாய வேண்டிய இடத்தைக் குறிக்க மார்பில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஷிப்ட் முடிந்து வந்தவர் மாதிரி, வெந்நீரில் நார் போட்டுத் தேய்த்துக் குளித்தார். கோடுகள் போயே போய்விட்டன. சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் இரண்டு தடவை ஷாக் அடித்து, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது ஷாக்குக்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"கீழ லெவல்ல சர்வேயர் பாறைமேல மார்க் போட்டுட்டுப் போவாரு. அதுமேல ஒரு நாளும் நான் கை வெச்சதில்ல. இன்னாத்துக்குன்னு சொல்லியிருந்தா குளிக்காமயே இருந்திருப்பனே."

மறுபடி கோடு போட்ட பிறகு, சிகிச்சை முடியும்வரை கோட்டைத் தொடாமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டார். முதுகை நான் துடைத்துவிட்டேன். பயந்தது நான், ஷாக் வாங்கியது அவர். முதுகைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.