படத்தின் மேல் பாதி

கல்பகத்துக்கு வயது முப்பத்தாறு. அந்த வயதில் தோள்மூட்டுத் தேய்மானம் என்றால் யார் நம்புகிறார்கள்? சிகந்தராபாத் லோத்குண்டாவில் அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார்கள், அதெல்லாம் வயசானவர்களுக்கு வருவது என்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பஸ் படியிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிப்போனதும், அன்றிலிருந்தே அந்த மூட்டு உள்ளுக்குள் அரைபட்டுக்கொண்டிருந்ததும் அவர்களுக்கு எங்கே தெரியும்?

மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் டிராயிங் செக்ஷனில் வேலை. ஆள் உயரப் பலகையில் தாளை மாட்டி, நின்றுகொண்டே இயந்திரப் படம் வரைய வேண்டும். ஆறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி. அவள் போட்ட கோட்டில் பிசிறு பார்த்தவன் கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே.

கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனதும் எமகாதகி என்ன செய்தாள் தெரியுமா? கீழ்ப் பாதியை ஒழுங்காக வரைவாள். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனதும் தாளைக் கழற்றித் தலைகீழாக மாட்டி, மேல் பாதியையும் கைக்கு எட்டும் உயரத்திலேயே வரைந்து முடிப்பாள். எழுத்து, எண், அம்புக்குறி எல்லாமே தலைகீழாகத்தான். எட்டு மாதம் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டாள். இடது பக்கம் வரவேண்டிய ஒரு துளை வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. படத்தைச் சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார். தலைகீழ் வித்தையும் தோள் விஷயமும் வெளியே வந்துவிட்டன. செக்ஷன் அதிகாரி ராஜாராமன் கூப்பிட்டு அனுப்பினார்.

"பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்கோங்கோ. தோளைச் சரிபண்ணிண்டு வாங்கோ. முடியலேன்னா பிரிண்ட் ரூம்ல உக்காந்து பார்க்கற வேலை இருக்கு. ஒரு லெட்டர் குடுத்தா நானே மாத்தித் தரேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பிரிண்ட் ரூம் என்றால் அடுத்தவர் வரைந்த படங்களைச் சுருட்டி வைத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பது. கையில் பென்சிலே இருக்காது.

சிகந்தராபாத் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மதராஸில் படித்தவர், தமிழ் வரும். "ஆபரேஷனுக்கு உங்களுக்கு இன்னும் வயசு பத்தாதும்மா. மூட்டுக்குள்ள ஊசி போடறேன். தேய்ஞ்சது வளராது. ஆனா வீக்கம் அடங்கும், சில மாசம் கை நடமாடும். வருஷத்துக்கு ரெண்டு மூணுக்கு மேல கேக்கக் கூடாது." முதல் நாள் சுகம் மரத்துப்போகச் செய்யும் மருந்தால் வருவது, மறுநாள் வலி கூடலாம், அசல் மருந்து பிடிக்க நாலைந்து நாள் ஆகும் என்றும் சொன்னார். ஊசியின் நீளத்தைப் பார்த்துவிட்ட கல்பகத்தின் காதில் அதெல்லாம் ஏறவே இல்லை. அவள் கணவர் லக்ஷ்மிநாராயணன் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கையைத் தூக்கினாள். தூக்க முடிந்தது. எட்டு மாதமாகப் பெண் ஜலஜாதான் அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவாள். அன்றைக்குக் கல்பகம் தானே பின்னிக்கொண்டாள். பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கினாள். "சித்த நாழி சும்மா இரேன்" என்று கணவர் சொன்னதை யார் கேட்டார்கள்?

மறுநாள் விடிந்தபோது தோளில் நெருப்பை அள்ளிக் கொட்டினாற்போல் இருந்தது. இரண்டு நாள் புரண்டாள். "ஏன்னா, ஒண்ணும் பிரயோஜனமில்லே. என் போர்டு போயிடுத்து" என்று அழுதாள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டும் நம்பிக்கை வரவில்லை. பிரிண்ட் ரூமுக்கு மாற்றச் சொல்லி லெட்டர் எழுதினாள். தேதியை மட்டும் கொடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த லக்ஷ்மிநாராயணன் விஷயத்தை ராஜாராமன் காதில் போட்டு வைத்தார்.

ஊசி போட்ட ஆறாம் நாள், லெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. வழியில் ராணுவ லாரி ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கல்பகம் நின்ற இடத்திலேயே நின்றாள். சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள், வலது கை வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து கிடந்தன. மேல் கம்பியை எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வலி கொஞ்சம் இருந்தது, கையை விடச் சொல்லும் வலி இல்லை. தொழிற்சாலை கேட் வரும்வரை கம்பியை விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"லெட்டர் தரப்போறேளாமே?" என்றார் ராஜாராமன்.

"இன்னும் எழுதலை சார்."

பச்சைப் பொய். சொல்லிவிட்டு, புதுத் தாளை மாட்டி, முதல் கோட்டை மேல் விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த ஊசி ஐந்து மாதம் தாங்கியது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் மறுநாள் தோள் எரியும்போது கைப்பையிலிருந்து லெட்டரை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பாள். ஏழு வருஷமாகியும் அதில் தேதி போட்ட பாடில்லை.